கடைசிக் கட்டிலின் நாற்பது நிமிடம்

எங்கள் ஆய்வுக் குழுவில் அவரை எல்லோரும் "சிஸ்டர்" என்றுதான் கூப்பிட்டோம். அவர் கழுத்தில் தொங்கிய அட்டையில் "ஆய்வு ஒருங்கிணைப்பாளர்" என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தது. அதை யாரும் படித்ததில்லை, நான் உட்பட. இரண்டாவது மாடியில் இருக்கும் அறுவை சிகிச்சை வார்டில் அவர் பத்தொன்பது வருடம் செவிலியராக இருந்தவர். அங்கே போனால் பழைய தோழிகள், "மேடம் வந்துட்டாங்க, நாற்காலி போடுங்கடி" என்பார்கள். அது மரியாதை இல்லை என்று மேடத்துக்கும் தெரியும். மேலே சிஸ்டர், கீழே மேடம். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

வார்டில் இருந்த காலத்தில் அவருக்கு வேறொரு பட்டப்பெயர் இருந்தது: "கடைசிக் கட்டில்". அது இருபத்தெட்டுக் கட்டில் போட்ட நீளமான ஹால். கடைசிக் கட்டில் கழிப்பறைக் கதவை ஒட்டி இருக்கும். அங்கிருந்து கத்தினாலும் செவிலியர் மேசைக்குக் கேட்காது. அங்கே படுத்திருப்பவரிடம் யாரும் நின்று பேசுவதில்லை என்று இவர் போய் இரண்டு நிமிடம் நிற்பார். எங்கே தேடினாலும் அங்கேதான் அகப்படுவார் என்பதால் அந்தப் பெயர். முட்டி தேய்ந்து, நாள் முழுக்க நிற்க முடியாமல் போனபோதுதான் நாலாவது மாடியில் எங்கள் வேலைக்கு விண்ணப்பம் போட்டார். வார்டில் அதை மன்னிக்கவில்லை. முட்டி அங்கே எல்லோருக்கும்தான் வலிக்கிறது.

நான் குழுவின் புள்ளியியல்காரன். முன்கோபி என்று பெயர் வாங்கியவன், அது பொய்யும் இல்லை. குழுத் தலைவர் அறுவை சிகிச்சை நிபுணர், எங்களுக்குப் பெரிய டாக்டர். மென்பொருள் எழுதிய பொறியாளரை எல்லோரும் "தம்பி" என்போம். தம்பிக்கு முன்தலையில் வழுக்கை விழுந்துவிட்டது, இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள். நாங்கள் மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து மூன்று பாஷை பேசினோம். டாக்டர் "நோயாளி" என்பார், தம்பி "தரவு" என்பார், நான் "மாதிரி" என்பேன். நடுவில் அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு சிஸ்டர் உட்கார்ந்திருப்பார்.

எங்கள் ஆய்வு இதுதான். அறுவை சிகிச்சை முடிந்தவர்களில் சிலருக்கு ரத்தத்தில் கிருமி ஏறித் திடீரென்று மோசமாகிவிடும். அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? வார்டில் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு செவிலியர் எல்லாக் கட்டிலுக்கும் போய் நாடி, சூடு, மூச்சு, ரத்த அழுத்தம் பார்த்து எழுதுவார். அதற்குச் சுற்று என்று பெயர். ஐந்து வருடத்துச் சுற்றுத் தாள்களைக் கணினியில் ஏற்றி, ரத்தப் பரிசோதனை நடந்த நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். பரிசோதனை நேரத்தை ஆய்வகத்துக் கருவியே நிமிடம் பிசகாமல் அச்சடித்துவிடும். சுற்றுத் தாளில் இருந்ததோ கோழி கிளறின மாதிரி கையெழுத்து. அத்தனையையும் சிஸ்டர் ஒருவரே படித்தார். எழுத்தைப் பார்த்தே எழுதினது யார், அன்றைக்கு அவளுக்குத் தலைவலியா என்றுகூடச் சொல்வார்.

அந்தத் தாள்களை வார்டிலிருந்து வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். தலைமைச் செவிலியர் லேசில் கொடுக்கவில்லை. "உன்னை நம்பித்தான் தர்றேன். என் பொண்ணுங்களுக்கு இதனால ஒரு கெட்ட பேர் வரக்கூடாது" என்றாராம். "வராதுக்கா. நான் இருக்கேன்ல?" என்று இவர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

மூன்று வருடம் உழைத்ததில் முத்து மாதிரி ஒரு முடிவு கிடைத்தது. தம்பியின் மென்பொருள், ரத்தப் பரிசோதனைக்கு நாற்பது நிமிடம் வரை முன்னாலேயே ஆபத்தைச் சொல்லிவிட்டது. "வரை" என்ற சொல்லை டாக்டர் முதல் படத்திலேயே எடுத்துவிட்டார். நானும் கண்டுகொள்ளவில்லை. இருபத்திரண்டு வருடமாக எல்லாக் கட்டுரையிலும் ஏழாவது, எட்டாவது பெயராக வந்தவன் நான். இதில் இரண்டாவது பெயர்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு மருத்துவமனைக் குழு கூடுவதாக இருந்தது. அது சம்மதித்தால் அடுத்த மாதமே மென்பொருள் வார்டுக்குப் போகும். கூடவே இன்னொரு தீர்மானமும் தயாராக இருந்தது. நாற்பது நிமிடம் கையில் இருக்கும்போது நாலு மணி நேரத்துக்கு ஒரு சுற்று எதற்கு? எட்டு மணி நேரத்துக்கு ஒன்று போதும், ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு செவிலியரைக் குறைத்துவிடலாம்.

திங்கட்கிழமை டாக்டர் எங்களுக்கு ஒத்திகை காட்டினார். திரையில் அந்த நாற்பது நிமிடம் சிவப்பாக மின்னியது. தம்பி கை தட்டினார், நானும் தட்டினேன். சிஸ்டர் மட்டும் கையை மடியிலேயே வைத்திருந்தார். கூட்டம் கலைந்ததும் என் மேசைக்கு வந்தார்.

"சார், அந்த நாற்பது நிமிஷத்தைக் கட்டில் நம்பர் வாரியா ஒரு தடவை போட்டுப் பார்க்கிறீங்களா?"

"கணக்கெல்லாம் முடிஞ்சாச்சு சிஸ்டர். கட்டில் நம்பருக்கும் கிருமிக்கும் என்ன சம்பந்தம்?" வள்ளென்று விழுந்தேன்.

"சம்பந்தம் இல்லைன்னா நிம்மதி சார். போட்டுப் பாருங்க."

அவர் வாயை அடைக்கத்தான் போட்டேன். திரையில் ஒரு படிக்கட்டு எழுந்தது. ஒன்றாம் கட்டிலில் ஐந்தாறு நிமிடம்தான். பத்தாம் கட்டிலில் பதினெட்டு, இருபதில் முப்பது. இருபத்தெட்டில் நாற்பது. நோய்க்குக் கட்டில் நம்பர் தெரியாது. நம்பர் பார்த்து ஏறுகிற எதுவும் நோயாக இருக்க முடியாது.

மறுநாள் காலை மாடிப்படித் திருப்பத்தில் அவரை மடக்கினேன். "என்ன இது?"

"ரெண்டு மணிச் சுத்துன்னா ரெண்டு மணிக்கு முதல் கட்டில்ல ஆரம்பிப்போம் சார். கடைசிக் கட்டிலுக்குப் போறப்போ ரெண்டரை தாண்டிடும். ஆனா எல்லாருக்கும் ரெண்டுன்னுதான் எழுதுவோம். இருபத்தெட்டுப் பேருக்கும் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினா கடைசி ஆளுக்கு மூணேகால் ஆயிடும்ல?"

எனக்குப் புரிந்துவிட்டது. கடைசிக் கட்டில் நோயாளியின் நாடி தாறுமாறாக ஓடுவதைச் செவிலியர் இரண்டு முப்பத்தைந்துக்குப் பார்க்கிறார். உடனே வார்டு டாக்டரைக் கூப்பிடுகிறார், ரத்தம் எடுக்கிறார்கள், ஆய்வகக் கருவி இரண்டு நாற்பது என்று அச்சடிக்கிறது. தாளிலோ இரண்டு மணி. எங்கள் மென்பொருள் அதைப் பார்த்து, இரண்டு மணிக்கே எனக்குத் தெரியும் என்று மார்தட்டுகிறது. அந்த நாற்பது நிமிடத்தில் ஒரு செவிலியர் கட்டில் கட்டிலாக நடந்துகொண்டிருந்தார். அவ்வளவுதான் எங்கள் கண்டுபிடிப்பு.

"மூணு வருஷமா ஏன் சொல்லலை?" படிக்கட்டே அதிர்கிற மாதிரி கத்திவிட்டேன்.

"நீங்க கேட்கலையே சார். எங்களுக்கு அது சொல்ற விஷயமாவே தோணலை. நேத்து படத்தைப் பார்த்தப்பதான் நீங்கள்லாம் அதை நிமிஷக் கணக்கா எடுத்துக்கிட்டீங்கன்னே எனக்குத் தெரிஞ்சுது."

அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. என் முன்னால் மூன்று லட்சம் வரி இருந்தது. நேரம் என்ற கட்டத்தில் ஆறு, பத்து, இரண்டைத் தவிர வேறு எண்ணே கிடையாது. ஐந்து வருடத்தில் ஒரு ஆறே கால் கூட இல்லை. அதைப் பார்த்து, எவ்வளவு சுத்தமான தரவு என்று டாக்டரிடம் புகழ்ந்தவன் நான். கண் இருந்தும் குருடன்.

சிஸ்டர் டாக்டரிடம் போனார். நான் கூடப் போகவில்லை. முதலில் இன்னொரு தடவை சரிபார்க்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார், முகம் செத்துப்போயிருந்தது. "நாளைக்கு மீட்டிங்கை வெச்சுக்கிட்டு இதென்ன சிஸ்டர், தாளை ஏத்தறதுதான் உங்க வேலை, கணக்கு கணக்குக்காரர் பார்த்துப்பார்னு சொல்லிட்டார்" என்றார். கணக்குக்காரன் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு வார்டுக்குப் போனார். இந்த முறை நானும் பின்னால் போனேன். துணி அடுக்குகிற அறையில் தலைமைச் செவிலியர் படுக்கை விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் எண்ணிக்கை நின்றது.

"நீ வாக்குக் கொடுத்த."

"கொடுத்தேன்க்கா. அதான் மீட்டிங்குக்கு முன்னாடி உங்ககிட்ட வந்தேன்."

"நாங்க பொய் எழுதினோம்னு போய்ச் சொல்லப்போறியா?"

"பொய் இல்லைக்கா, அது சுத்து நேரம்."

"அது உனக்கும் எனக்கும் தெரியும். நாற்காலியில உட்கார்ந்திருக்கறவனுக்கு அது பொய்க் கணக்குதான். நாளைக்கே என் பொண்ணுங்க ஒவ்வொருத்தி கையிலயும் மெமோ இருக்கும்."

"சொல்லலைன்னா எட்டு மணி நேரத்துக்கு ஒரு சுத்துதான். ஒரு ஆளையும் குறைச்சுடுவாங்க. அப்போ இருபத்தெட்டுல படுத்திருக்கறவங்க கதி?"

"இந்த அக்கறை எங்களை விட்டுட்டு மேல போறப்போ எங்க போச்சு?" தலைமைச் செவிலியருக்குக் குரல் உடைந்தது. கோபத்தில்தான் என்று அப்போது நினைத்தேன். "சொல்லிக்கோ. சொல்லிட்டு இந்த வாசலை மிதிக்காதே."

வெளியே வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்தொன்பது வருடம் சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பகிர்ந்து தின்ற இடம் அது. சொன்னால் வார்டு போய்விடும், சொல்லாவிட்டால் வார்டில் படுத்திருக்கிற யாரோ போவார்கள். பேருந்து ஓட்டுகிற கணவரிடம் முந்தைய நாள் ராத்திரியே கேட்டிருக்கிறார். "நாங்க மட்டும் என்னவாம்? வண்டி எப்போ போய்ச் சேர்ந்தாலும் அட்டவணையில இருக்கற நேரத்தைத்தான் சீட்டுல எழுதறோம். அதைப் போய் எவனாவது தானா ஒத்துப்பானா? நுணலும் தன் வாயால் கெடும், பேசாம படு" என்று அவர் சொல்லிவிட்டாராம். இதைச் சொல்லும்போது சிஸ்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை. நீள மேசை, பன்னிரண்டு பேர். நடுவில் இயக்குநர், அவருக்கு வலப்பக்கம் செவிலியர் கண்காணிப்பாளர். சிஸ்டரும் நானும் சுவரோர நாற்காலியில் இருந்தோம். அவர் மடியில் ஒரு பழுப்பு உறை. என் சட்டைப் பையில் அந்தப் படிக்கட்டுப் படம் நாலாக மடித்து இருந்தது. அதை ஏன் எடுத்து வந்தேன், வெளியே எடுப்பேனா என்று எனக்கே தெரியாது. டாக்டர் பேசி முடித்தார். சிவப்பு நாற்பது மின்னியது.

"யாருக்காவது ஏதாவது சொல்றதுக்கு இருக்கா?" என்று இயக்குநர் பேனாவைத் திறந்தார்.

சிஸ்டர் எழுந்தார். முட்டி மடங்காமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது.

"ஐயா, அந்த நாற்பது நிமிஷம் இல்லை."

"சிஸ்டர், உட்காருங்க" என்றார் டாக்டர், குரலை உயர்த்தாமல்.

உட்காரவில்லை. உறையிலிருந்து பழைய சுற்றுத் தாளின் நகல் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது இருபத்தெட்டாம் கட்டில். கீழே இருக்கறது என் கையெழுத்து. பகல் ரெண்டு மணின்னு எழுதியிருக்கேன். ரெண்டு மணிக்கு நான் முதல் கட்டில்ல நின்னுட்டிருந்தேன். இவரைப் பார்த்தப்போ ரெண்டரை தாண்டிடுச்சு. நாடி ஓடற ஓட்டத்தைப் பார்த்துட்டு நான்தான் வார்டு டாக்டரைக் கூப்பிட்டேன். மெஷின் முன்கூட்டிச் சொன்னதா இவங்க காட்டறது, நான் அந்தக் கட்டிலுக்கு நடந்து போன நேரத்தை."

செவிலியர் கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வார்டுல எல்லாருமே இப்படித்தான் எழுதறாங்களா?"

ஐந்து வருடத்து அத்தனை கையெழுத்தையும் ஆள் பெயரோடு சொல்லக்கூடியவர் இந்தக் கட்டடத்தில் ஒருவர்தான்.

"எனக்கு என் கையெழுத்து மட்டும்தான் தெரியும் மேடம்" என்றார்.

டாக்டர் அந்த இடுக்கைப் பிடித்துக்கொண்டார். "ஒரு ஆள் தப்பா எழுதினதுக்காக ஒன்பதாயிரம் நோயாளிகளோட தரவும் தப்பாயிடுமா? நீங்க சொல்லுங்க சார், புள்ளியியல் என்ன சொல்லுது?"

பன்னிரண்டு முகமும் என் பக்கம் திரும்பின. சிஸ்டர் திரும்பவில்லை. இப்போது நான் மாட்டிக்கொண்டேன். படத்தை எடுக்காவிட்டால் அவர் சொன்னது ஒரு தனி ஆளின் தவறாக ஒதுங்கிவிடும், மென்பொருள் வார்டுக்குப் போய்விடும். எடுத்தாலோ அவர் தன்னைக் கொடுத்து மூடிய வார்டை நான் திறந்து காட்டியதாகிவிடும். என் இரண்டாவது பெயரும் அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது. வெட்கம்தான், ஆனால் வந்தது.

படத்தை எடுத்து விரித்தேன். "எல்லாத் தாளும் இப்படித்தான் ஐயா. கட்டில் நம்பர் ஏற ஏற நிமிஷமும் ஏறுது. ஆனா இது வார்டோட தப்பு இல்லை, என் தப்பு. மூணு லட்சம் அளவு, ஒண்ணுகூட மணி பிசகலை. ரெண்டு கை வெச்சிருக்கற ஒரு மனுஷி ஒரே நிமிஷத்துல இருபத்தெட்டு பேருக்கு நாடி பார்க்க முடியுமான்னு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கேட்டிருக்கும். நான் கேட்கலை. கேட்கறது டாக்டர் வேலைன்னு நான் நினைச்சேன், டாக்டர் என் வேலைன்னு நினைச்சார். தெரிஞ்ச ஒருத்தரை நாங்க யாருமே கேட்கலை. மெமோ கொடுக்கறதா இருந்தா எனக்குக் கொடுங்க."

தம்பிதான் முதலில் பேசினார். "நேரம் தப்புன்னா என் மென்பொருளும் தப்புதான். இதை வார்டுல வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்" என்றார். டாக்டர் திரையை அணைத்தார். அன்றைக்கு எங்கள் இருவரிடமும் அவர் பேசவில்லை.

தீர்மானம் இரண்டும் தள்ளிப்போயின. சுற்று நாலு மணி நேரத்துக்கு ஒன்றாகவே நீடித்தது, ஆளும் குறையவில்லை. எனக்கு மெமோ வரவில்லை, அதெல்லாம் எங்களுக்கு வராது. சிஸ்டருக்கு வந்தது: பதிவேட்டில் தவறான நேரம் எழுதியதாக ஒப்புக்கொண்டதற்கு. வார்டில் வேறு ஒருவருக்கும் வரவில்லை. கண்காணிப்பாளரும் ஒரு காலத்தில் வார்டில் சுற்றுப் போனவர்தான். ஆனாலும் சிஸ்டரின் மெமோவில் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்பினார். சிஸ்டர் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "வீட்டுக்காரருக்குத் தெரியாம இருக்கணும், ஒரு வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவார்" என்றார்.

வலித்தது வேறு. வார்டில் இப்போது "மேடம்" கூட இல்லை. இவர் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும்.

பத்து நாள் கழித்து டாக்டரே எங்கள் அறைக்கு வந்தார். சிஸ்டரிடம், "உண்மையான நேரம் வேணும்னா எப்படி எடுக்கிறது? நீங்க சொல்லுங்க" என்றார். மூன்று வருடத்தில் அவர் சிஸ்டரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"பார்க்கறவ எழுதக்கூடாது டாக்டர். பின்னாடியே ஒரு ஆள் கடிகாரமும் தாளுமா வரணும். அப்பதான் கடைசி ஆளுக்கு நேரமாகாது."

அந்த ஆள் நான்தான் என்று தீர்மானமாயிற்று. ஆனால் தலைமைச் செவிலியர் தன் பெண்களில் யார் பின்னாலும் கடிகாரத்தோடு ஒருவன் நடப்பதை அனுமதிக்க மாட்டேன் என்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால் சிஸ்டர் முட்டிக் கட்டை இறுக்கிக்கொண்டு, பழைய வெள்ளைச் செருப்பை மாட்டிக்கொண்டு, பகல் இரண்டு மணிச் சுற்றைத் தானே எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பதினைந்தாவது கட்டிலுக்குள் எனக்கே இடுப்பு விட்டுப்போயிற்று. "என்ன சார், கணக்கு மூச்சு வாங்குது?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டார். மேசையில் இரண்டு செவிலியர்கள் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. தலைமைச் செவிலியர் சிரிக்கவில்லை.

இருபத்தெட்டாம் கட்டிலில் முந்தின நாள் அறுவை சிகிச்சை முடிந்த ஒரு தச்சர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் மணிக்கட்டைத் தொட்டதும் சிஸ்டரின் முகம் மாறியது.

"சார், நேரம்?"

"ரெண்டு நாற்பத்தொண்ணு."

"நாடி நூத்தி முப்பத்திரண்டு. மூச்சு முப்பது." சொல்லிக்கொண்டே ஹாலின் மறுகோடியைப் பார்த்துக் கத்தினார். "அக்கா! டாக்டரைக் கூப்பிடுங்க!"

அங்கிருந்து கத்தினால் மேசைக்குக் கேட்காது என்று சொன்னேன் அல்லவா? தலைமைச் செவிலியர் மேசையில் இல்லை. இருபதாம் கட்டில் வரைக்கும் எங்கள் பின்னாலேயே வந்து நின்றிருக்கிறார். ஓடி வந்தார்.

"என்ன கடைசிக் கட்டில், என்னடி ஆச்சு?"

அந்தப் பெயரைக் கேட்டு சிஸ்டரின் கண் நிறைந்தது. கை மட்டும் நாடியை விடவில்லை. "கிருமி ஏறுதுக்கா. ரத்தம் எடுக்கணும்."

எடுத்தார்கள். ஆய்வகத்துச் சீட்டில் இரண்டு ஐம்பத்து நாலு என்று அச்சாகி வந்தது. தச்சர் நாலு நாளில் எழுந்து உட்கார்ந்தார். அந்த நாற்பது நிமிடம் போய், எங்களுக்குக் கிடைத்தது பதின்மூன்று. ஆனால் இது உண்மையான பதின்மூன்று.

அன்றைக்குக் கட்டிலருகே எல்லாம் அடங்கிய பிறகு தலைமைச் செவிலியர் என் தாளை வாங்கிப் பார்த்தார். நம்பர், நேரம், நாடி, மூச்சு.

"யார் கண்டுபிடிச்சாங்கன்னு எழுத இதுல இடமே இல்லையே சார்?"

இல்லைதான். மூன்று வருடம் நான் வரைந்த எந்தத் தாளிலும் அந்தக் கட்டம் இல்லை. ஓரத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு சிஸ்டரைப் பார்த்தேன். "என்னன்னு போடட்டும்? ஒருங்கிணைப்பாளர்னா?"

அவர் தச்சரின் போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"நர்ஸ்னு போடுங்க சார்."

போட்டேன்.